ராசி எது, லக்னம் எது? ஜோசிய அரிச்சுவடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ஜாதகக் கட்டம் படிக்கத் தெரியாதவங்க கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டோம், லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிடுச்சு. அதுல முக்காவாசி "எனக்கு எப்போ கல்யாணம், பையனுக்கு எப்போ வேலை" டைப். பலன் சொல்ற இடம் இது இல்லைங்க. கட்டத்துல என்ன எழுதிருக்கு, அதை சரியாத்தான் எழுதிருக்காங்களா, இந்த ரெண்டு மட்டும்தான் இங்க.

நான் பிறந்தது ஆகஸ்ட் 8. இங்கிலீஷ் மேகசின்ல என்னை சிம்மம்ங்கிறான். ஜாதகத்துல சூரியன் கடகத்துல இருக்கு. ஜோசியர் "ராசி மகரம்"னு சொல்றார். போன்ல ஆப் போட்டா "துலா லக்னம்"னு வருது. நாலுல எதும்மா நான்? (வாசகி, திருச்சி)

நாலும் சரிதான், குழம்பாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லட்டுமா, நீங்க பகல் 11, 12 மணி வாக்குல, பௌர்ணமியை ஒட்டி பிறந்திருக்கணும். எப்படின்னு கடைசியில சொல்றேன்.

நம்ம ஊர்ல சும்மா "ராசி"ன்னா நீங்க பிறந்தப்போ சந்திரன் நின்ன ராசி. சந்திரன் ஒரு சுத்து வர 27 நாளும் கொஞ்சமும் ஆகும், அப்போ ஒரு ராசியில ரெண்டேகால் நாள்தான் தங்கும். இங்கிலீஷ்காரன் சொல்றது சூரியன் நின்ன ராசி, அது ஒரு மாசம் தங்கும். சரி, அதுலயும் அவனுக்கு சிம்மம் நமக்கு கடகம்னு ஏன் அடிச்சுக்குதுன்னா, அவங்க மேஷத்தை ஆரம்பிக்கிறது மார்ச் 20, 21ல பகலும் இரவும் சமமா வருதே அந்தப் புள்ளியிலேர்ந்து. நாம நட்சத்திரங்களை வச்சு அளக்கிறோம், அதனால நமக்கு சூரியன் மேஷத்துல நுழையறது ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு. நடுவுல இருக்கிற அந்த 24 டிகிரி வித்தியாசம்தான் அயனாம்சம். இதுல ஆளுக்கு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. 1952ல மத்திய சர்க்கார் மேக்நாத் சாஹா தலைமையில ஒரு பஞ்சாங்க சீர்திருத்தக் கமிட்டி போட்டுச்சு, அதோட செயலாளர் என்.சி.லாகிரி, உங்க ஆப்ல செட்டிங்ஸ்ல "லாகிரி"ன்னு வருது பாருங்க, அவர்தான். 1956 மார்ச் 21க்கு 23 டிகிரி 15 நிமிஷம்னு எடுத்துக்கிட்டாங்க (இந்த நிமிஷம், விநாடியெல்லாம் கோண அளவு, நேரம் இல்ல). வருஷத்துக்கு 50 விநாடி சொச்சம் கூடிக்கிட்டே போகும், 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி.

லக்னம் வேற. நீங்க பிறந்த நிமிஷத்துல, பிறந்த ஊர்ல, கிழக்கு அடிவானத்துல எந்த ராசி எழும்பிக்கிட்டிருந்துச்சோ அது. ஒரு நாளைக்குள்ள பன்னெண்டு ராசியும் எழும்பியாகணும், அதனால சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம். வீடு எண்ணுறது இதுலேர்ந்துதான்: லக்னம் ஒண்ணாம் வீடு, அடுத்தது ரெண்டு, இப்படியே பன்னெண்டு.

இப்போ பாருங்க, சூரியன் உதிக்கறப்போ பிறந்தா சூரியன் இருக்கிற ராசிதானே கிழக்குல எழும்பும், அப்போ அதுவே லக்னம். உச்சி வேளைன்னா சூரியன் லக்னத்துக்குப் பத்தாம் வீட்டு வாக்குல இருக்கும், அஸ்தமனத்துல ஏழு, நடுராத்திரி நாலு. துலாத்துலேர்ந்து எண்ணினா கடகம் பத்தாவது, அதான் பகல்னு சொன்னேன். கடகத்துக்கு நேர் எதிர் மகரம், சூரியனும் சந்திரனும் எதிரெதிரா இருந்தா பௌர்ணமி. இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல.

கட்டம் நடுவுல காலியா இருக்கு, சுத்தி பன்னெண்டு பெட்டி. எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கணும்? (வாசகர், மன்னார்குடி)

மேல் வரிசையில இடது மூலை மீனம். அதுக்குப் பக்கத்துப் பெட்டி மேஷம், அப்புறம் ரிஷபம், மிதுனம்னு கடிகார முள் போற மாதிரி சுத்தி வாங்க. யார் ஜாதகமா இருந்தாலும் பெட்டி மாறாது, "ல"ன்னு போட்டிருக்கிற இடம்தான் மாறும். சூ, சந், செ, பு, குரு, சுக், சனி, ரா, கே, இதெல்லாம் கிரகம். "மா" இருந்தா மாந்தி, அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்குப் புள்ளி. பக்கத்துல "வ" போட்டிருந்தா வக்ரம், அதாவது பூமியிலேர்ந்து பாக்கறப்போ பின்னாடி போற மாதிரி தெரியற நேரம்.

படிக்கறதுக்கு முன்னாடி ஒரு செக் பண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. நீங்க பிறந்த தமிழ் மாசம் எதுவோ அந்த ராசியில சூரியன் இருக்கணும், சித்திரைன்னா மேஷம், ஆடின்னா கடகம், மார்கழின்னா தனுசு. புதன் சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல போகவே போகாது, அதனால சூரியன் இருக்கிற பெட்டி இல்லன்னா முன்ன பின்ன ஒரு பெட்டி, அவ்ளோதான். சுக்கிரன் 47 டிகிரி வரைக்கும் போகும், ரெண்டு பெட்டி தள்ளி வரலாம், மூணு வந்தா தப்பு. ராகுவும் கேதுவும் எப்பவும் நேர் எதிர், ஏன்னா அது ரெண்டும் கண்ணுக்குத் தெரியற கிரகமே கிடையாது, சந்திரனோட பாதை சூரியனோட பாதையை வெட்டுற ரெண்டு புள்ளி. இதுல ஒண்ணு இடிச்சாலும் ஜாதகத்தை எழுதினவர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. கையால காப்பி எடுக்கறப்போ ஒரு பெட்டி தள்ளிப் போடறது ரொம்ப சகஜம், அதை வச்சு வருஷக்கணக்கா பலன் கேட்டுட்டு இருப்பாங்க, கேட்கவே பாவமா இருக்கும்.

டெல்லியிலேர்ந்து ஒரு வரன் வந்திருக்கு. ஜாதகம் டைமண்ட் டைமண்டா இருக்கு, உள்ள நம்பர். (வாசகி, சேலம்)

வடக்கத்தி முறை. அங்க பெட்டி ராசி இல்ல, வீடு. மேல நடுவுல இருக்கிறது லக்னம், அங்கேருந்து இடது பக்கமா சுத்தி எண்ணணும். உள்ள இருக்கிற நம்பர்தான் ராசி, 1 மேஷம், 12 மீனம். நம்ம கட்டத்துல மாத்தி எழுதிட்டு அப்புறம் பொருத்தம் பாருங்க.

"கர்ப்பச்செல் நீக்கி சுக்கிர திசை இருப்பு 5 வருடம்"னு என் ஜாதகத்துல இருக்கு. எதுல இருப்பு, யார்கிட்ட இருப்பு? (வாசகர், விருதுநகர்)

நல்ல கேள்வி, நிறைய பேர் கேக்க வெட்கப்படற கேள்வி. திசைன்னா உங்க வாழ்க்கையில ஒரு கிரகம் ஆளுற காலம். 360 டிகிரியை 27 நட்சத்திரத்துக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 13 டிகிரி 20 நிமிஷம் வரும். அதை நாலா வெட்டினா பாதம். ஒரு ராசிக்குள்ள 9 பாதம், அதனாலதான் கார்த்திகை 1ம் பாதம் மேஷம், மிச்ச மூணும் ரிஷபம்னு பிரியுது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு கிரகம் அதிபதி. அஸ்வினி, மகம், மூலம் கேது. பரணி, பூரம், பூராடம் சுக்கிரன். இப்படியே போகும்.

திசை வருஷம் இது: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. கூட்டினா 120. நீங்க பரணின்னு வச்சுக்குவோம், பிறக்கறப்போ சந்திரன் பரணியில முக்கால்வாசி தாண்டிடுச்சு, அப்போ சுக்கிரனோட 20ல முக்கால்வாசி, 15 வருஷம், கழிஞ்சு போச்சுன்னு கணக்கு, அதான் கர்ப்பச்செல். மீதி 5 உங்களுக்கு. அஞ்சு வயசு வரை சுக்கிரன், 11 வரை சூரியன், 21 வரை சந்திரன், 28 வரை செவ்வாய், அதுக்கப்புறம் 46 வரைக்கும் ராகு.

ஒரு திசைக்குள்ள ஒவ்வொரு கிரகத்துக்கும் வர்ற உட்பிரிவுதான் புத்தி, அந்தக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி இருக்கு, பழைய ஜோசியர்கள் விரல்லயே போடுவாங்க. திசை வருஷத்தையும் புத்தி வருஷத்தையும் பெருக்குங்க, கடைசி இலக்கத்தைத் தள்ளினா மாசம், தள்ளின இலக்கத்தை மூணால பெருக்கினா நாள். ராகு திசையில ராகு புத்தி: 18ஐ 18ஆல பெருக்கினா 324. 32 மாசம், 12 நாள். அதாவது 2 வருஷம் 8 மாசம் 12 நாள். ஆப்ல வர்றதோட ஒத்துப் பாருங்க, சரியா வரும்.

2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சின்னு எல்லா சேனல்லயும் போட்டான். திருநள்ளாறு கோயில்ல அன்னிக்கு பெயர்ச்சி இல்லன்னுட்டாங்க. எனக்கு ஏழரைச் சனி முடிஞ்சுதா இல்லையா? (வாசகர், காரைக்குடி)

ரெண்டு பஞ்சாங்கம் சார். டிவியில சொன்னது திருக்கணிதம், திருநள்ளாறு வாக்கியம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி, வாக்கியத்துல அதே வருஷம் டிசம்பர் 20. அதே மாதிரி மீனமும், ஒண்ணுல 2025, இன்னொண்ணுல 2026.

வாக்கியம்னா பழைய சூத்திரங்களை அப்படியே வச்சு போடற கணக்கு, சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், எல்லாம் மனப்பாடம். லேசா நினைக்காதீங்க. 1825ல புதுச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன்ங்கிற வெள்ளைக்காரர் முன்னாடி உக்காந்து, தரையில சோழியை அடுக்கி, மனசுல இருக்கிற வாய்பாட்டை வச்சே சந்திர கிரகணம் கணிச்சுக் காட்டினார், ஆரம்ப நேரம் நாலே நிமிஷம்தான் தள்ளிப் போச்சு. முடியற நேரம் முக்கால் மணிக்கு மேல பிசகினது வேற விஷயம். திருக்கணிதம் அந்த சூத்திரங்களை இப்போதைய வானவியல் கணக்கோட திருத்திப் போடறது.

சந்திரன்ல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் வராது. சனி மெதுவான ஆளு, 30 டிகிரி தாண்ட ரெண்டரை வருஷம், அதாவது டிகிரிக்கு ஒரு மாசம். கணக்குல சில டிகிரி விலகினாலே மாசக்கணக்குல பெயர்ச்சி தள்ளிடும். ராத்திரி மாடியில ஏறி சனியைத் தேடணும்னா திருக்கணிதம் சொல்ற இடத்துலதான் இருக்கும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. கோயில் அவங்க மரபுப்படி பூஜை பண்றாங்க, அது அவங்க உரிமை, அந்த நாள்ல போய் எள் தீபம் போடறவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கட்டத்தை திருக்கணிதத்துல போட்டுட்டு ஏழரையை மட்டும் வாக்கியத்துல பாத்து, எதுல சீக்கிரம் முடியுதோ அதைப் பிடிச்சுக்கறது இருக்கே, அது வேணாம். உங்க ஜாதகம் எதுல கணிச்சதோ அதுலயே கடைசி வரை போங்க, முதல் பக்கத்துலயே எழுதிருக்கும்.

என்ர மகள் 2003ல கிளிநொச்சியில பிறந்தவ. ஊர்ல எழுதின சாதகத்தில ஒரு லக்கினம், இஞ்ச கனடாவில கம்பியூட்டர்ல போட்டா அடுத்த லக்கினம் வருது. எது சரியெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? (வாசகி, டொராண்டோ)

அம்மா, ஊர்ல எழுதினதுதான் சரியா இருக்க வாய்ப்பு அதிகம். 1996 மே மாசம் இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுச்சு, அந்த அக்டோபர்ல அரை மணி பின்னாடி இழுத்துச்சு, 2006 ஏப்ரல்லதான் பழையபடி கிரீன்விச் நேரத்தோட அஞ்சரை மணி வித்தியாசத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு 2003க்கு ஆறு மணி நேர வித்தியாசம் போட்டுக்கும். ஆனா புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதியில அந்த மாத்தத்தை ஏத்துக்கல, அங்க கடிகாரம் பழைய நேரத்துலயே ஓடுச்சு, கிளிநொச்சி அப்போ அதுலதான் இருந்தது. பிறந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தைப் பாத்து எழுதினாங்கன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. பழைய நேரம்னா சாப்ட்வேர்ல டைம் ஸோனை கையால 5.30ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க, லக்னம் ஊர் சாதகத்தோட ஒத்துப் போகும்னு நினைக்கிறேன். அரை மணின்னா லக்னம் ஏழு எட்டு டிகிரி நகரும், ஓரத்துல இருந்தா அடுத்த ராசிக்கே போயிடும். ராசி, நட்சத்திரம் அநேகமா மாறாது. திசை இருப்பு கொஞ்சம் மாறும், சுக்கிர திசைன்னா அஞ்சு மாசம் போல.

இந்தியாவுலயும் இப்படி ஒண்ணு உண்டு, 1942 செப்டம்பர்லேர்ந்து 1945 அக்டோபர் வரைக்கும் யுத்தத்துக்காக ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருந்தாங்க. தாத்தா பாட்டி ஜாதகம் போடறவங்க கவனிங்க.

நீச சுக்கிரன்னு சொல்லியே ரெண்டு வரன் தட்டிப் போச்சு. (வாசகி, திண்டுக்கல்)

சுக்கிரனுக்கு மீனம் உச்சம், அதாவது பலம் கூடுற இடம், அதுக்கு ஏழாவதான கன்னி நீசம், பலம் குறையற இடம். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு தடவை மூணு நாலு வாரம் சுக்கிரன் கன்னியில நிக்கும், அந்த நாட்கள்ல உலகம் பூரா பிறந்த அத்தனை குழந்தைக்கும் நீச சுக்கிரன்தான். அவங்கல்லாம் கல்யாணம் ஆகாமலா இருக்காங்க? அதே கன்னியில புதன் கூட இருந்தா நீசபங்கம், அதாவது நீசம் விலகிடும்னு சாஸ்திரமே சொல்லுது, அதை யாராவது பாத்தாங்களான்னு கேளுங்க. செவ்வாய் தோஷமும் இதே கதைதான், லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12ல செவ்வாய் இருந்தா தோஷம்னா பன்னெண்டுல அஞ்சு வீடு போச்சு, ஊர்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவா எல்லாருக்கும் தோஷம். அதனாலதான் விதிவிலக்கும் அத்தனை எழுதி வச்சிருக்காங்க.

இதெல்லாம் சயின்ஸா? (கல்லூரி மாணவர், கோவை)

கிரகம் எங்க இருக்குங்கிறது வானவியல், கணக்கு. அது அங்க இருந்தா உங்களுக்கு என்ன நடக்கும்ங்கிறது நம்பிக்கை, அதுக்கு சயின்ஸ்ல நிரூபணம் கிடையாது.

பேரன் புதன்கிழமை விடியகாலை 3.20க்குப் பிறந்தான். ஜாதகத்துல செவ்வாய்க்கிழமைன்னும், உதயாதி நாழிகை 53.20ன்னும் எழுதிருக்கார். தப்புதானே? (வாசகர், தென்காசி)

தப்பு இல்ல ஐயா. நம்ம கணக்குல நாள் மாறுறது சூரிய உதயத்துல, நடுராத்திரி 12க்கு இல்ல. உதயத்துக்கு முன்னாடி பிறந்ததால அவன் செவ்வாய்க்கிழமைக்காரன்தான். உதயாதி நாழிகைன்னா உதயத்துலேர்ந்து எவ்ளோ நேரம் ஆச்சுங்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை நாழிகை, நாழிகையை அறுபதா வெட்டினா விநாழிகை. முந்தின நாள் உதயம் காலை 6ன்னா 3.20 வரைக்கும் 21 மணி 20 நிமிஷம், ரெண்டரையால பெருக்கினா 53 நாழிகை 20 விநாழிகை. சுத்தமா வருது, எழுதினவர் விவரமானவர். ஆனா ஆப்ல போடறப்போ புதன்கிழமை வர்ற இங்கிலீஷ் தேதியையே போடுங்க, செவ்வாய்க்கிழமை தேதியைப் போட்டீங்கன்னா ஒரு நாள் முன்னாடி போய் நட்சத்திரமே மாறிடும்.