கிளாஸ்ல ஒரு அம்மா, வீட்டுல ஒரு அம்மா

வணக்கம் மேடம். எனக்கு 51 வயசு, காலேஜ்ல தமிழ் எடுக்குறேன். கலித்தொகை 9-வது பாட்டு நான் வருஷா வருஷம் நடத்துறது, காதலனோட கிளம்பிப்போன பொண்ணைத் தேடி அவளை வளர்த்த செவிலித்தாய் வெயில்ல போறா, எதிர்ல குடையும் துறவிங்க வச்சிருக்கிற முக்கோலுமா வர்ற பெரியவங்ககிட்ட பாத்தீங்களான்னு கேக்குறா, அவங்க, சந்தனம் மலையில பொறந்தாலும் பூசிக்கிறவங்களுக்குத்தானே, மலைக்கு அதால என்ன, யோசிச்சா உங்க மகளும் அப்படித்தான்னு சொல்றாங்க. எவ்வளவு ரசிச்சு நடத்திருக்கேன்! போன வாரம் 'நும் மகள்'னு படிக்கும்போதே தொண்டை அடைச்சுப்போச்சு, முன்பெஞ்சு பொண்ணு தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டுனா.

என் பொண்ணு பெங்களூர்ல வேலை பாக்குறா. கூட வேலை பாக்குற ஒரு பையனைக் கட்டிக்கிறேன்னு தீபாவளிக்கு வந்தப்ப சொல்லிட்டா. வேற சாதி. என் வீட்டுக்காரரைப் படிக்க வச்சதே அவர் அண்ணன்தான், அவர் ஒத்துக்கவே மாட்டார், அவரை மீறி நாங்க எதுவும் செஞ்சதில்ல. கிளாஸ்ல சொல்றது ஒண்ணு, வீட்டுல இருக்கிறது ஒண்ணுன்னு நான் பொய்யா வாழுறேனா மேடம்?

பதில்:

பொய் இல்லம்மா. அந்தப் பாட்டுல அவ்வளவு நிதானமா பேசுறது யாரு? வழியில போறவங்க. போனது அவங்க பொண்ணு இல்ல. இத்தனை வருஷம் அவங்க குரல்ல பாடம் நடத்துனீங்க, இப்போ செவிலி நின்ன இடத்துல நிக்கிறீங்க, அதான் தொண்டை அடைக்குது. ஐங்குறுநூறுல 371லேர்ந்து 380 வரைக்கும் பத்துப் பாட்டும் மகள் காதலனோட போனப்புறம் தவிக்கிற தாயோட புலம்பல்தான், உங்களுக்குத் தெரியாததா, மகளோட பொம்மையையும் கிளியையும் பாக்குறப்பல்லாம் ஒருத்தி கலங்குறாளே. அழுகை வந்தா அழுங்க.

ஒண்ணு கவனிச்சேன். செவிலி 'என் மகள் ஒருத்தியும் பிறள் மகன் ஒருவனும்'னு கேக்குறா. காதலைப் பாடுற அகப்பாட்டுல பேர் சொல்ற வழக்கம் இல்ல, சரி. உங்க கடிதத்துலயும் அவன் 'ஒரு பையன்'தான். பேராவது கேட்டீங்களா?

மூத்தார் விஷயத்துல கறாராவே சொல்றேன். படிக்க வச்ச நன்றி பெருசுதான், ஆனா அது உங்க வீட்டுக்காரர் பட்ட கடன், அதைப் பொண்ணு கல்யாணத்தை வச்சு அடைக்கக் கூடாது. அண்ணன்கிட்ட உக்காந்து பேச வேண்டியது அவர்தான், நீங்களோ பொண்ணோ இல்ல. தயங்குனார்னா ரெண்டு பேருமா ஒரு தடவை என்கிட்ட வாங்க.

அதுக்கு முன்னாடி, பொண்ணு அடுத்து ஃபோன் பண்ணும்போது அந்தப் பையனைப் பத்திக் கேளுங்க. உடனே சம்மதம் சொல்லணும்னு இல்ல, பேரு என்ன, எந்த ஊரு, கோபம் வந்தா அவகிட்ட எப்படி நடந்துக்கிறான், இதெல்லாம். அம்மா கேப்பாங்கன்னு தீபாவளியிலேர்ந்து காத்துட்டு இருப்பா.