கேள்வி நேரம்: ஆட்டுக் கொட்டகைய பாக்க அவ்ளோ தூரமா?

போன இதழ்ல ஆஸ்திரேலியாவோட முங்கோ நேஷனல் பார்க் பத்தியும் அங்க இருக்கற பழைய ஆட்டுப் பண்ணை பத்தியும் நாலு வரி தான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்வி மட்டும் ஒரு கட்டு. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மே மாசம் மெல்பர்ன்ல இருந்து மில்டுரா வரைக்கும் கார்ல போறோம். அப்படியே முங்கோவும் போலாம்னு சொன்னா வீட்டுக்காரர் "பழைய ஆட்டுக் கொட்டகைய பாக்க இன்னும் நூறு கிலோமீட்டரா"ன்னு சிரிக்கிறார். என்ன பதில் சொல்லட்டும்?
- ஒரு வாசகி, மெல்பர்ன்

சிரிக்கட்டும் விடுங்க, போறதுக்கு முன்னாடி நானும் சிரிச்சவன் தான். மொதல்ல ஒரு விஷயம், அந்த ஊர்ல ஸ்டேஷன்னா போலீஸ் ஸ்டேஷனும் இல்ல ரயில்வே ஸ்டேஷனும் இல்ல, நம்ம ஊர்ல ஒரு தாலுகா அளவுக்கு நிலத்த வளைச்சு ஆடு மேய்க்கறதுக்குப் பேரு ஸ்டேஷன். அப்படி கோல் கோல்னு ஒரு பெரிய ஸ்டேஷன் இருந்துச்சு, அதோட வூல்ஷெட் தான் நீங்க பாக்கப் போறது, அதாவது செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற கொட்டகை. 1869-ல கட்டினது. ஆணி அடிச்சு நிறுத்தின சுவர் இல்ல, நட்டு வச்ச கம்பத்துல நீளமா காடி வெட்டி, அதுக்குள்ள மேலேருந்து ஒவ்வொரு மரத்துண்டா படுக்க வச்சு எறக்கியிருக்காங்க. மரம் அங்கேயே வளர்ற சைப்ரஸ் பைன், கரையான் சீக்கிரம் தொடாது, அதான் நூத்தம்பது வருஷம் தாண்டியும் நிக்குது. உள்ள போனா ஆடு உரசி உரசிப் போன கட்டைய தடவிப் பாருங்க, ரோமத்துல இருக்கற எண்ணெய் ஊறி நம்ம வீட்டு ஊஞ்சப் பலகை மாதிரி வழவழன்னு இருக்கும். நான் அரை மணி நேரம்னு நெனச்சுட்டுப் போயி ரெண்டு மணி நேரம் நின்னேன், கூட வந்தவங்க கார்ல ஹாரன் அடிச்சாங்க.

இப்ப இருக்கறது பாதி ஷெட்டு தான்னு எழுதியிருந்தீங்களே, மீதி எரிஞ்சு போச்சா?
- ஒரு வாசகர், கோவை

எரியல சார், பாகம் பிரிச்சாங்க! முதல் உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்த சிப்பாய்ங்களுக்கு நிலம் குடுக்கணும்னு அரசாங்கம் 1920-கள் தொடக்கத்துல பெரிய ஸ்டேஷன்களை எல்லாம் துண்டு போட்டுச்சு. கோல் கோலும் அப்படித்தான் உடைஞ்சுது. ஒரு துண்டு கேமரன்னு ஒரு குடும்பத்துக்குப் போச்சு, அவங்க ஸ்காட்லாந்து சாமியாரான செயின்ட் முங்கோ பேர வச்சாங்க, இன்னிக்கு பார்க்குக்கும் அதே பேரு. பக்கத்துத் துண்டு ஜான்சி, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. நிலத்த பிரிச்சாச்சு, ஷெட்டு ஒண்ணு தானே இருக்கு, என்ன பண்றது? ஒரு பக்கத்த அப்படியே கழட்டி வண்டியில ஏத்திட்டுப் போயி ஜான்சியில இன்னொரு ஷெட்டா நிறுத்திட்டாங்க. நம்ம பக்கம் அண்ணன் தம்பி பிரியறப்போ கதவு நெலை, தூணு எல்லாத்தையும் ஆளுக்குப் பாதி பேத்துட்டுப் போவாங்களே, எங்க தாத்தா வீட்டுல அம்மிக்கல்லுக்கே பஞ்சாயத்து நடந்துச்சு, அதே கத தான்.

ஜான்சிக்கு கண்டிப்பா போங்க. குடும்பம் குடியிருந்த வீடு இப்ப இல்ல, ஆனா ஷெட்டும் குதிரை லாயமும் இருக்கு, அப்புறம் மண்ணத் தோண்டிக் கட்டின ஒரு பாதாள அறை இருக்கு. கோடையில நாப்பது டிகிரி தாண்டற இடம், கரண்ட் கெடையாது, ஃப்ரிட்ஜ் கெடையாது, சூடு தாங்கலன்னா மண்ணுக்குள்ள போயி உக்காந்துக்க வேண்டியது தான். படம் புடிச்சா ஒண்ணும் தெரியாது, வெயில்ல நடந்துட்டு அந்த வாசல்ல நின்னாத் தான் எதுக்குத் தோண்டினாங்கன்னு புரியும்.

அந்த ஷெட்ட கட்டினது சீனாக்காரங்களாமே, நெசமா?
- ஒரு வாசகர், மதுரை

சீனத் தொழிலாளிங்க கட்டினதுன்னு தான் அங்க சொல்றாங்க. காஞ்சு போன முங்கோ ஏரியோட கிழக்குக் கரையில காத்து குவிச்ச மணல் மேடு ஒண்ணு பிறை வடிவத்துல 30 கிலோமீட்டருக்கு மேல போகுது, அதுக்கு சீனச் சுவர்னு பேரு வந்ததும் அவங்களால தான்னு சொல்வாங்க. லேக் முங்கோன்னு பேர பாத்துட்டு நீச்சல் டிரஸ் எடுத்துட்டுப் போயிடாதீங்க, அதுல தண்ணி வத்தி 15,000 வருஷத்துக்கு மேல ஆச்சு.

வெள்ளைக்காரன் நிலத்த புடுங்கி ஆடு மேச்ச இடத்த போயி என்னத்த ரசிக்கறது?
- ஒரு வாசகர், சிட்னி

கோவம் நியாயம் தான். பாகான்ஜி, ங்கியம்பா, முத்தி முத்தி, இந்த மூணு பழங்குடி இனத்தோட மண்ணு அது, ஸ்டேஷன் எல்லாம் அதுக்கு மேல நேத்து பூசின சுண்ணாம்பு. ஆனா பாருங்க, அந்த ஆடும் கூட வந்த முயலும் செடி கொடிய மேஞ்சு மொட்டையடிச்சதுல மணல் மேட்டுக்குப் பிடிப்பு போயிடுச்சு, காத்தும் மழையும் அரிக்க அரிக்க அடியில இருந்தது வெளிய வந்துச்சு. 1968-ல ஜிம் பௌலர்ங்கற நிலவியல் (ஜியாலஜி) ஆள் அப்படி வெளிய தெரிஞ்ச எலும்பத் தான் பாத்தார், அது எரியூட்டி அடக்கம் பண்ணின ஒரு பொண்ணு. 1974-ல செங்காவி தூவிப் புதைச்ச ஒரு ஆணோட எலும்பு. ரெண்டுமே சுமார் 42,000 வருஷம் பழசு! ஆராய்ச்சின்னு எடுத்துட்டுப் போன அந்த எலும்புங்கள திருப்பிக் கேட்டு வாங்க அந்த ஜனங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல, அந்தப் பொண்ணு 1992-ல திரும்பி வந்தா, அந்த ஆண் 2017-ல தான். அதனால ரசிக்கப் போகாதீங்க சார், ஷெட்டையும் பாருங்க மணல் மேட்டையும் பாருங்க, ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண பாத்தா பாதி தான் பாத்த மாதிரி. மேட்டு மேல நம்ம இஷ்டத்துக்கு ஏற முடியாது, வழிகாட்டியோட தான் விடுவாங்க, பெரும்பாலும் அந்த ஊர் பழங்குடி ஆளுங்களே கூட்டிட்டுப் போவாங்க. அந்தக் காச மிச்சம் புடிக்காதீங்க.

மாமியாருக்கு 70 வயசு, சுத்த சைவம், ரெண்டு பசங்க வேற. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?
- ஒரு வாசகி, அடிலெய்ட்

மில்டுராவுல தங்கிட்டுப் போனா முடியும், அங்கேருந்து சுமார் 110 கிலோமீட்டர் தான். ஆனா மண் ரோட்டுல மணிக்கு நூறு எல்லாம் கெடையாது, பார்க்குக்குள்ள சுத்தி வர்ற ஒருவழிப் பாதையே 70 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் கெடையாது, கடை கெடையாது, டேங்க் ஃபுல்லா, தண்ணி கேன், புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிட்டுப் போங்க. ஷெட்டு பார்க்கிங்ல இருந்து கிட்டக்க தான், மாமியார் தாராளமா நடப்பாங்க. ஈ மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிக்குங்க.

முக்கியமா மழை. நாலு தூறல் விழுந்தாலே அந்த மண்ணு அல்வா மாதிரி ஆயிடும், ரோட்ட மூடிடுவாங்க, மூடின ரோட்டுல போனா அபராதம். என்னோட மொதல் ட்ரிப்ல காலைல கெளம்பறப்ப வானம் பளிச்சுன்னு தான் இருந்துச்சு, ஆனா முந்தின ராத்திரி அங்க பெஞ்சிருக்கு, நான் விசாரிக்காமப் போயி தடுப்பு பாத்துட்டுத் திரும்பி, ரெண்டு நாள் மில்டுராவுல ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டு உக்காந்திருந்தேன். கெளம்பற அன்னிக்குக் காலைல ரோடு நெலவரம் பாருங்க. டிசம்பர், ஜனவரி வேண்டாம், வெயில் கொளுத்திடும். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் சரி, ஆனா ராத்திரி குளிர் எலும்ப கடிக்கும். தங்கணும்னா கத்தரிக்கிற ஆளுங்க இருந்த பழைய குவார்ட்டர்ஸ்லயே ரூம் விடறாங்க, முன்கூட்டியே புக் பண்ணணும்.

ஞாபகத்துக்கு அங்கேருந்து ஒரு கல்லு, கொஞ்சம் மணல் எடுத்துட்டு வரலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

கூடாது. காலணிய கூட உதறிட்டு கார்ல ஏறுங்க.