கொடிக்கு மேலே இருக்கும் இடைவெளி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. உள்ளே வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்து, "யார் போயிட்டாங்க?" என்று கேட்டார். அவரும் பதிலுக்கு நிற்காமல் லிஃப்டுக்குள் போய்விட்டார். இறந்தவருக்கு இது தெரியப்போவதில்லை, இருப்பவர்கள் கவனிப்பதுமில்லை. அதுவும் பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். இந்தச் சடங்கு இன்னும் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதவி பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் கயிற்றைப் பிடித்திருப்பவர் பக்கத்தில் கொஞ்சம் நிற்போம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கொடி ஏற்றும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு துக்க நாளன்று காலையில் யாரோ அவசரத்தில், "பாதியிலேயே கட்டிடுங்க" என்றார்கள். பெரியவர் கேட்கவில்லை. கொடியைக் கப்பி வரை ஏற்றினார், ஒரு கணம் அங்கேயே நிறுத்தினார், பிறகு கை மாற்றி மாற்றிக் கயிற்றை மெதுவாக விட்டார். "மேலே தொடாம இறக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் செய்ததுதான் முறை. இந்தியக் கொடி விதிகளும் அதையே சொல்கின்றன. மாலையில் அவிழ்ப்பதற்கு முன்பும் ஒருமுறை உச்சிக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் இறக்க வேண்டும். எந்த உயரத்திலிருந்து இறங்கினோம் என்பது தெரிந்தால்தானே அது துக்கம்?

அரைக்கம்பம் என்று பெயரே தவிர, எல்லா இடத்திலும் சரிபாதி கிடையாது. பிரிட்டனில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிறுத்துகிறார்கள். கொடிக்கு மேலே குறைந்தது இன்னொரு கொடி அளவுக்கு இடம் விட வேண்டும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மரணத்தின் கொடி பறக்கிறது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

வழக்கம் கடலிலிருந்து வந்தது. பலரும் சுட்டுவது 1612இல் கிரீன்லாந்துக்குப் போன 'ஹார்ட்ஸ் ஈஸ்' என்ற கப்பலை. பயணத்தின் தலைவர் ஜேம்ஸ் ஹால் அங்கே கொல்லப்பட்டார். கொடியைப் பின்புறம் தொங்கவிட்டபடி கப்பல் திரும்பியது. கூப்பிடு தூரத்துக்கு வரும் முன்பே, பார்த்தவர்களுக்குச் சாவுச் செய்தி தெரிந்துவிட்டது. பாய்மரக் குறுக்குக் கட்டைகளைக் கோணலாகச் சாய்த்துவிட்டும் மாலுமிகள் துக்கம் காட்டினார்கள். கப்பலே தலைவிரி கோலமாக நிற்பது போல.

யாரும் கவனிப்பதில்லை என்கிறீர்கள். 1997இல் பிரிட்டன் இளவரசி டயானா இறந்தபோது பக்கிங்காம் அரண்மனையின் கம்பம் வெறுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் அரசி அங்கே தங்கும்போது மட்டுமே கம்பத்தில் கொடி பறக்கும், அதுவும் அரச பதவிக்கே உரிய அரசக் கொடி. அரியணை ஒரு நொடியும் காலியாவதில்லை என்பதால் அதை யாருக்காகவும் தாழ்த்துவதில்லை. மரபின்படி எல்லாம் சரிதான். ஆனால் வெளியே பூங்கொத்தோடு நின்ற ஜனங்கள் அந்த வெறுங்கம்பத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். கடைசியில் இறுதிச் சடங்கு நாளில், அரசி கிளம்பிப் போனதும் நாட்டுக் கொடி ஏறி, அரைக்கம்பத்தில் நின்றது.

பதவி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1954இல் ஐசன்ஹோவர் போட்ட ஆணைப்படி அதிபருக்கு 30 நாள், துணை அதிபருக்கு 10 நாள். சாவுக்குக்கூடப் பதவி பார்த்து நாள் கணக்கு! எனக்கும் இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் 2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவானில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 69,000 பேர் இறந்தார்கள். ஏழாம் நாள் தலைநகர் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கொடி உச்சிக்கு ஏறி, பிறகு தாழ்ந்தது. மூன்று நாள் அப்படியே இருந்தது. இடிந்த பள்ளிகளில் சிக்கிச் செத்த பிள்ளைகளுக்காகவும்தான் அந்தக் கொடி இறங்கியது. அவர்கள் எந்தப் பதவியில் இருந்தார்கள்? இந்த வழக்கத்தை விட வேண்டாம், இப்படிப்பட்டவர்கள் பக்கம் இன்னும் அடிக்கடி திருப்ப வேண்டும் என்றுதான் நான் கேட்பேன்.

அப்புறம், உங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தாரே, "யார் போயிட்டாங்க?" என்று கேட்டாரே. அன்றைக்குள் அவரிடம் யாராவது பெயரைச் சொன்னீர்களா?