‘வான்ட்’: விரும்புவதா, இல்லாதிருப்பதா? (கேள்வி பதில்)

கேள்வி: 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், 23ஆம் சங்கீதம் கர்த்தரை மேய்ப்பர் என்று சொன்ன கையோடு ‘ஐ ஷல் நாட் வான்ட்’ என்கிறது. அந்த மேய்ப்பர் வேண்டாம் என்றா பொருள்?

பதில்: இன்றைய வழக்கை வைத்துப் படிப்பதால் வரும் மயக்கம் இது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இவ்வினைக்கு ‘இல்லாதிருத்தல், குறைவுபடுதல்’ என்பதே முதற்பொருள். இல்லாததைத்தானே மனம் நாடும் என்ற வழியில், ‘விரும்புதல்’ என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்கிறது. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. தானியேல் 5:27இல் ‘குறையக் காணப்பட்டாய்’ என்று தமிழில் வருமிடத்திலும், ஆங்கிலத்தில் இருப்பது இதே வினையின் வடிவம்தான்.

கேள்வி: ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முதல் வரியில், சொத்துள்ள மணமாகாத ஆண் ஒரு மனைவியை விரும்புகிறான் என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. அங்கே இச்சொல் பெயராக நின்று, அவனுக்கு ஒரு மனைவி இல்லாத குறை இருந்தே தீரும் என்கிறது. அடுத்த வாக்கியமே இதற்குச் சான்று: அவனுடைய எண்ணம் இன்னதென்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாவிட்டாலும், அவனைத் தங்கள் பெண்களில் ஒருத்திக்கு உரியவனாகவே அவர்கள் கருதிவிடுகிறார்கள். ‘விரும்புகிறான்’ என்று எழுதிவிட்டால், ஊரார் அவன்மேல் ஏற்றிய குறை அவனுடைய சொந்த ஆசையாக மாறி, அவ்வரியின் நயமே போய்விடும்.

கேள்வி: படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: எழுவாயைப் பாருங்கள். உயிரற்ற பொருளுக்கு ஆசை கிடையாது. ஆகவே அங்கே ‘இல்லை’ அல்லது ‘தேவை’ என்று கொள்ளுங்கள். எழுவாய் மனிதராக இருந்து, செய்ய, போக என்பதுபோல் இன்னொரு வினை தொடர்ந்தால் பெரும்பாலும் விருப்பம்தான். 1837இல் தொடராக வரத் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் 2ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அநாதைச் சிறுவர்களின் கஞ்சிக் கிண்ணங்கள் கழுவப்படுவதை ஒருபோதும் ‘வான்ட்’ செய்ததில்லை என்று அதில் வருகிறது; பசியால் பிள்ளைகளே கரண்டியால் பளபளக்கச் சுரண்டிவிடுவதால், கழுவ வேண்டிய தேவையே கிண்ணங்களுக்கு இல்லை. சற்றுத் தள்ளி ஆலிவர் அதே வினையைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிறான். அங்கே அது விருப்பம்தான். ஆனால் அவன் கையில் இருப்பதோ வெறும் கிண்ணம்.