துப்புவேன் என்ற ராணியைப் பேசியே இளக்கியவர்

கேள்வி: பழங்காலச் சீனாவில் அமைச்சர்கள் மன்னர்களிடம் பேசியே காரியம் சாதித்தார்களாமே, அப்படி என்னதான் பேசினார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவத்தையே சொல்கிறேன். கி.மு. 265இல் சின் நாடு ஜாவ் நாட்டைத் தாக்குகிறது. ஜாவில் ஆட்சி ராஜமாதாவின் கையில். ஜாவ், சி என்ற இன்னொரு நாட்டிடம் உதவி கேட்கிறது. படை அனுப்ப வேண்டுமானால் அவளுடைய கடைசி மகனைப் பிணையாகத் தர வேண்டும் என்கிறது சி நாடு. அவள் மறுக்கிறாள். அமைச்சர்கள் விடாமல் நச்சரிக்க, "இனி இந்தப் பேச்சை எடுப்பவன் முகத்தில் துப்புவேன்" என்கிறாள்.

அப்புறம் சூ லோங் என்ற முதியவர் மெதுவாக நடந்து வந்து, கால் சரியில்லை, அதனால்தான் இத்தனை நாள் பார்க்க வரவில்லை என்கிறார். சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரிக்கிறார். "கஞ்சிதான்" என்கிறாள், கோபம் கொஞ்சம் இறங்குகிறது. என் கடைக்குட்டிக்கு 15 வயது, நான் கண்ணை மூடுவதற்குள் அரண்மனைக் காவலில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறார். ஆண்களுக்குமா கடைசிப் பிள்ளைமேல் இவ்வளவு பாசம் என்று அவள் சிரித்தே விடுகிறாள். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். யென் நாட்டில் கட்டிக்கொடுத்த மகளை நினைத்து அழுதாலும், அவள் திரும்பி வந்துவிடக் கூடாது, அவள் வம்சம் அங்கேயே ஆள வேண்டும் என்றுதானே வேண்டிக்கொள்கிறீர்கள்? மகனுக்கோ நிலமும் பட்டமும் கொடுத்தீர்கள், நாட்டுக்கு உழைக்க ஒரு வாய்ப்பு கொடுக்கவில்லை; உங்களுக்குப் பிறகு அவன் எதை வைத்து நிற்பான்?

அவள் சம்மதித்துவிடுகிறாள். 100 தேர்களோடு மகன் புறப்படுகிறான், சி நாட்டுப் படையும் வருகிறது. பிணை என்ற சொல் அந்தக் கிழவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை, கவனித்தீர்களா? இதை நான் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அவளுடைய பாசத்துக்குள்ளேயே இருந்த உண்மை.

கேள்வி: இந்தக் கலைக்கு யாராவது இலக்கணம் எழுதினார்களா?

பதில்: ஹான் ஃபெய் என்ற சீனத் தத்துவஞானி எழுதினார். பேசும்போது திக்குவார், எழுத்தில் அசுரர். நமக்கு விஷயம் தெரியுமா, பேச வருமா என்பதெல்லாம் பெரிய கஷ்டமே இல்லை, கேட்பவர் மனதை அறிந்து அதற்குப் பொருந்தப் பேசுவதுதான் கஷ்டம் என்றார். மன்னன் ஒரு டிராகன், அதன் தொண்டைக்குக் கீழே தலைகீழாக முளைத்த செதில்கள் உண்டு, அதைத் தொட்டவன் செத்தான் என்றும் எழுதினார். அவரே கி.மு. 233இல் சின் நாட்டுச் சிறையில் இறந்தார்.

கேள்வி: ஜப்பானிலும் இப்படித்தானா?

பதில்: அங்கே அந்த வேலையைக் கவிதை செய்தது. 905 வாக்கில் தொகுத்த 'கொகின்ஷூ' என்ற கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் கவிஞர் கி நோ ட்சுராயுகி, பலத்தைக் காட்டாமலேயே வானையும் பூமியையும் அசைப்பதும், ஆணையும் பெண்ணையும் நெருங்க வைப்பதும், முரட்டு வீரன் மனதை ஆற்றுவதும் கவிதைதான் என்கிறார். ஒரு கவிதைக்கு வெறும் 31 அசைகள்தான். ஆனால் அரண்மனையில் ஒருவர் மனதை மாற்ற நினைத்தால் கவிதை மட்டும் போதாது; எந்தத் தாள், கையெழுத்து எப்படி, எந்தப் பூங்கிளையில் கட்டி அனுப்பினார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் எடை போட்டார்கள்.