கல்கி பத்தி எழுத்தாளராகவும் இருந்தாரா? அந்தப் பத்திகளை எங்கே தேடுவது?

இருந்தார், அதுவும் குறும்பான பத்தி எழுத்தாளர். மயிலாடுதுறை பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் படிப்பைப் பாதியில் விட்டுச் சிறைக்கும் போனவர். பிறகு ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கச்சேரி, நாட்டிய விமர்சனம் எழுதினார். பெரிய வித்வான் என்று தாட்சண்யம் பார்ப்பதில்லை. ராகம் தெரியாதவர்களும் சிரித்துக்கொண்டே படிக்கலாம் (எங்கள் தஞ்சாவூர்க் குசும்பு!). மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றும் மல்லுக்கு நின்றார்.

எழுத்துகள் நாட்டுடைமையானதால் நாவல்கள் எளிதில் கிடைக்கும். பத்திகளுக்குப் பழைய இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். தஞ்சை சரஸ்வதி மஹால் நூலகம் சுவடிகளுக்குத்தான் பேர்போனது. இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போங்கள்.