அழைப்பு இணைப்பை முதலில் மாற்றுங்கள்

வணக்கம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கடன் விளம்பரம் போடுபவர்களை நீக்கினாலும் வேறு எண்களில் திரும்பி வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆட்களை நீக்குவதால் மட்டும் இது தீராது. வெளியே பரவிவிட்ட அழைப்பு இணைப்பை மீட்டமைத்தால்தான் பழைய இணைப்பு செல்லாமல் போகும். எங்கள் குழுவின் அழைப்பு இணைப்பைக் கொண்ட கியூஆர் குறியீடு மளிகைக்கடைச் சுவரில், பால் விலைப் பட்டியலுக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்ததை நான் மூன்று மாதம் கழித்தே கண்டேன். அடுத்து, புதியவர்கள் சேர நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்னும் அமைப்பை இயக்கி, விண்ணப்பிப்பவரின் வீட்டு எண்ணைக் கேட்டு உறுதிசெய்த பிறகே அனுமதியுங்கள். தப்பி வரும் விளம்பரத்தை நிர்வாகியே அனைவருக்கும் நீக்கிவிடலாம். நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவில் தண்ணீர் வராவிட்டால் தனியாக வாழும் முதியவர்கள் அங்கேதான் கேட்பார்கள்.